வலி காட்டும் முகவரி

நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் 1956-ஆம் ஆண்டு நடந்தது இது. ராபின் மெக்கென்சி அப்போது இருபதுகளில் இருந்த பிசியோதெரபிஸ்ட். மூன்று வாரமாக அவரிடம் வந்துகொண்டிருந்த ஒருவருக்கு இடுப்பில் தொடங்கிக் கால்வரை இறங்கும் வலி. செய்து பார்த்த சிகிச்சை எதற்கும் அது அசைந்து கொடுக்கவில்லை. அந்த நோயாளியை இன்றும் ‘மிஸ்டர் ஸ்மித்’ என்றே துறையினர் குறிப்பிடுகிறார்கள்.

ஒருநாள் மெக்கென்சி அவரை உள்ளே போய்க் குப்புறப் படுத்திருக்கச் சொன்னார். முந்தைய நோயாளிக்காகக் கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. ஸ்மித் கேள்வி எதுவும் கேட்காமல் அதன்மேலேயே குப்புறப் படுத்துவிட்டார். சில நிமிடம் கழித்து வந்து பார்த்த மெக்கென்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நோயாளியின் முதுகு பின்பக்கமாக வில்லாய் வளைந்திருந்தது. முதுகுவலிக்காரரை அப்படி வளைப்பது ஆபத்து என்று நம்பப்பட்ட காலம் அது. பதறிப்போய் விசாரித்தால், இத்தனை வாரத்தில் இவ்வளவு சுகமாக இருந்ததே இல்லை என்றார் ஸ்மித். காலில் இருந்த வலி காணாமல் போயிருந்தது. ஒரு பக்கமாக இருந்த இடுப்பு வலி இடுப்பின் நடுவுக்கு நகர்ந்திருந்தது. மறுநாளும் அதேபோலப் படுக்க வைத்தார் மெக்கென்சி. மிச்சம் இருந்ததும் விலகியது.

தற்செயலாக நேர்ந்த அந்தப் பிசகு ஒரு சிகிச்சை முறையாகவே வளர்ந்தது. அதைவிட முக்கியமான பாடம் ஒன்று அதில் இருக்கிறது. ஸ்மித்தின் காலை யாரும் தொடவில்லை. முதுகின் நிலை மாறியது, கால் வலி போனது. அப்படியென்றால் இத்தனை நாளும் வலி காட்டிக்கொண்டிருந்த முகவரி?

உப்புத் தண்ணீர் சொன்ன உண்மை

அந்தக் கேள்விக்கான விடைக்கு அடித்தளம் அதற்கும் முன்பே, 1930-களில், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் போடப்பட்டுவிட்டது. சர் தாமஸ் லூயிஸிடம் பணியாற்றிய ஜோனஸ் கெல்கிரன் என்ற இளம் மருத்துவர், தசைகளுக்குள்ளும் முதுகெலும்புக் கண்ணிகளை இணைக்கும் நார்களுக்குள்ளும் 6 சதவீத உப்புக்கரைசலைத் துளியளவு ஊசியால் செலுத்தினார். அந்தக் கரைசல் சேதம் செய்யாது, கொஞ்ச நேரம் வலிக்கவைக்கும், அவ்வளவுதான். ஊசி ஏற்றிக்கொண்டவர்கள் தங்களுக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லச் சொல்ல, கெல்கிரன் அதை வரைபடமாகக் குறித்தார்.

1938-லும் 1939-லும் வெளியான அந்த முடிவுகள் இன்றைக்குப் படித்தாலும் வியப்பூட்டும். ஊசி குத்தியது இடுப்பில், வலி போனது காலுக்கு. குத்தியது முதுகின் நடுக்கோட்டில், வலித்தது விலாவைச் சுற்றி. வலி கண்டபடி அலையவும் இல்லை. எந்தக் கண்ணிக்கு எந்தப் பகுதி என்று ஓர் ஒழுங்கு அதில் தெரிந்தது.

காரணம் தண்டுவடத்தின் கட்டமைப்பில் இருக்கிறது. நாலு தெருவுக்கும் சேர்த்து ஒரே தபால் நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகவரி அழிந்த கடிதம் வந்தால், தபால்காரர் அதை வழக்கமாக நிறையக் கடிதம் வாங்கும் வீட்டுக்குத்தான் கொண்டுபோவார். உடலின் வெவ்வேறு இடங்களிலிருந்து வரும் நரம்புச் சேதிகள் தண்டுவடத்தின் ஒரே தளத்தில், சில சமயம் ஒரே நரம்பணுவில் வந்து சேர்கின்றன. எது எங்கிருந்து வந்தது என்று மூளை ஊகிக்கத்தான் செய்கிறது. ஊகம் பிசகினால் இதயத்தின் வலி இடது கையிலும், பித்தப்பையின் வலி வலது தோள்பட்டையிலும் தெரியும்.

முட்டி வலியென்று வந்த அம்மா

இதை ஒரு பிசியோ எப்படித் துப்புத் துலக்குவார்? எந்த ஊர் சிகிச்சைக் கூடத்திலும் நடக்கக்கூடிய ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். அறுபது வயது அம்மா ஒருவர் எட்டு மாத முட்டி வலியோடு வருகிறார். கையில் எக்ஸ்ரே உறை. அதில் முட்டி ‘தேய்மானம்’. தைலம், பெல்ட், மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. பிசியோ எக்ஸ்ரேயை மேசைமேல் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குகிறார்.

“எங்கம்மா வலிக்குது? ஒரு விரலால தொட்டுக் காட்டுங்க.”

அந்த அம்மாவால் விரல் வைக்க முடியவில்லை. உள்ளங்கையால் முட்டியின் முன்பக்கத்தைத் தடவி, அப்படியே தொடைவரை கொண்டுபோகிறார். “இந்தப் பக்கம் பூரா ஒரு மாதிரி கடுக்குதும்மா.”

“சம்மணம் போட்டு உட்கார்றீங்களா?”

“அதை விட்டு ஒரு வருஷம் ஆச்சு.”

“கால் நகம் வெட்டுறது?”

“குனிஞ்சு எட்ட முடியல. பேத்திதான் வெட்டி விடறா.”

“ஆட்டோவுல ஏறும்போது?”

“காலைத் தூக்கி உள்ள வைக்கிறதுக்குள்ள உயிர் போயிடுதும்மா.”

பாதி விடை இதற்குள் வந்துவிட்டது. சம்மணத்துக்கும் நகம் வெட்டுவதற்கும் ஆட்டோவில் காலைத் தூக்கி வைப்பதற்கும் முட்டி மட்டும் மடங்கினால் போதாது, தொடையெலும்பு இடுப்பில் பொருந்தும் மூட்டு தாராளமாகத் திரும்ப வேண்டும். இன்ன இடம் என்று விரல்வைத்துச் சொல்ல முடியாத, ஆழமாகக் கடுக்கும் வலி வேறிடத்திலிருந்து வந்திருக்கலாம் என்பதும் ஒரு துப்பு.

அந்த அம்மாவை முதலில் அங்கிருந்த படியில் ஒருமுறை ஏறச் சொல்லிப் பார்த்துவிட்டு, மல்லாக்கப் படுக்க வைத்து முட்டியை அழுத்தி, மடக்கி, நீட்டிப் பார்க்கிறார். பெரிதாக ஒன்றும் இல்லை. பிறகு முட்டியும் இடுப்பும் மடங்கியிருக்கும்படி காலைத் தூக்கிப் பிடித்து, பாதத்தை மெதுவாக வெளிப்பக்கம் நகர்த்துகிறார். இப்போது திரும்புவது இடுப்பு மூட்டு, முட்டி சும்மா இருக்கிறது. “அதேதாம்மா! அந்த வலிதான்!” என்கிறார் அம்மா, முட்டியைப் பிடித்துக்கொண்டு.

இடுப்பு மூட்டுக்கும் முட்டிக்கும் நரம்புக் கிளைகள் பொதுவானவை. அதனால் இடுப்பு மூட்டின் தேய்மானம் பலருக்கு முட்டி வலியாகவே வெளிப்படும். வளரும் பிள்ளைகளில் இது இன்னும் கவனம் கோருவது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை முட்டி வலியென்று நொண்டினால், இடுப்பு மூட்டில் தொடையெலும்பின் தலை வளர்ச்சித் தட்டிலிருந்து நழுவியிருக்கக்கூடும். முட்டியை மட்டும் படம் எடுத்து அனுப்பிவிட்டால் அந்த நழுவல் கண்ணில் படாமலே போய்விடும்.

ஒரு கேள்வி பிரிக்கும் இரு நோய்

சில நேரம் தொட்டுப் பார்க்கும் முன்பே கேள்வி வேலையை முடித்துவிடும். கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, நடையை நிறுத்தினால் தேவலை என்று ஒரு பெரியவர் வருகிறார். “நின்னாலே விட்டுடுதா, உட்கார்ந்தாத்தான் விடுதா?” என்பதுதான் கேட்க வேண்டியது. நின்ற நிலையிலேயே வலி அடங்கினால் காலுக்குப் போகும் ரத்தக்குழாய் குறுகியிருக்கலாம். உட்கார்ந்தால், அல்லது முன்னால் குனிந்தால்தான் அடங்கும் என்றால் முதுகில் தண்டுவடக் கால்வாய் குறுகி நரம்பை நெருக்கியிருக்கலாம், ஏனென்றால் குனியும்போது அந்தக் கால்வாய் கொஞ்சம் விரிகிறது. இந்த இரண்டாம் வகையினர் தெருக்கோடிவரை நடக்க முடியாமல் தவிப்பார்கள், ஆனால் சைக்கிளில் குனிந்து மிதித்தபடி ஊரையே சுற்றிவருவார்கள். முதல் வகையினருக்குச் சைக்கிளிலும் வலிக்கும். வலிக்கிற இடம் இருவருக்கும் ஒன்றே, போக வேண்டிய மருத்துவர் வேறு.

ஒற்றைச் சோதனையை நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது இந்தத் துறை பட்டறிந்து கற்றது. முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் சாக்ரோஇலியாக் மூட்டை எடுத்துக்கொள்வோம். அதைச் சோதிக்க அழுத்தும் முறைகள் பல உண்டு. தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே நம்பகமில்லை. மார்க் லாஸ்லெட் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, மூன்றோ அதற்கு மேலோ சோதனைகள் பழகிய அதே வலியைக் கிளப்பினால்தான் அந்த மூட்டைச் சந்தேகிக்க வலுவான காரணம் இருக்கிறது என்று காட்டியது. ‘அதே வலி’ என்பது இங்கே முக்கியம். எந்த மூட்டையும் பலமாக அமுக்கினால் ஏதாவது ஒரு வலி வரத்தான் செய்யும்.

அடுத்த உத்தி, மெக்கென்சி தற்செயலாகக் கண்டது: ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்து, வலி எங்கே நகர்கிறது என்று பார்ப்பது. கால் நுனியிலிருந்து முதுகை நோக்கி வலி சுருங்கினால் அதை ‘மையப்படுதல்’ என்கிறார்கள். முதுகில் கொஞ்சம் கூடினாலும் அது நல்ல அறிகுறி. 2020-இல் வந்த ஓர் ஆய்வில், கையிலோ காலிலோ மட்டும் வலி என்று வந்த 369 பேரை இப்படிச் சோதித்ததில் 43.5 சதவீதத்தினருக்கு மூலம் முதுகெலும்பில் இருப்பதாக முடிவு செய்யப்பட்டது. சோதித்தவர்கள் மெக்கென்சி முறையில் பயின்றவர்கள் என்பதால் அந்த எண்ணை அப்படியே எல்லோருக்கும் பொருத்திவிட முடியாது. ஆனால் தோள் வலிக்காரரின் கழுத்தையும் சோதிக்க வேண்டும் என்பதற்கு அது போதும்.

ஸ்கேனில் தெரியாதா?

“எம்ஆர்ஐ எடுத்தா எல்லாம் தெரிஞ்சிடுமே” என்று கேட்பவர்கள் உண்டு. தெரியும். சொல்லப்போனால், வேண்டாததும் சேர்ந்து தெரியும் என்பதுதான் சிக்கல். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் படங்களை அலசிய 33 ஆய்வுகளை 2015-இல் தொகுத்தார்கள். இருபது வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் எண்பது வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் முதுகுத் தட்டுகளில் தேய்மானம் இருந்தது. நாம் ‘ஜவ்வு விலகிடுச்சு’ என்று பயந்துபோகும் தட்டுப் பிதுக்கம் இருபது வயதிலேயே 30 சதவீதத்தினருக்கு இருந்தது. அவர்கள் யாருக்கும் வலி இல்லை. தலைமுடி நரைப்பதுபோல் முதுகும் நரைக்கிறது.

படத்தைப் படிப்பவர்களும் ஒத்துப்போவதில்லை. 2017-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, கீழ்முதுகு வலியும் கால் வலியும் இருந்த 63 வயதுப் பெண் ஒருவரை மூன்று வாரத்துக்குள் பத்து வெவ்வேறு மையங்களில் எம்ஆர்ஐ எடுக்கவைத்தார்கள். பத்து அறிக்கைகளிலும் சேர்த்து 49 குறைகள் சுட்டப்பட்டிருந்தன. பத்திலும் ஒருசேர இடம்பெற்ற குறை ஒன்றுகூட இல்லை.

ஸ்கேன் வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கேள்வி கேட்டு, அசைத்துப் பார்த்து, ஒரு சந்தேகம் உருவான பிறகு எடுக்கிற படம் சாட்சி சொல்லும். அதற்கு முன் எடுக்கிற படம் கண்ணில் பட்டவர் மேலெல்லாம் பழி போடும்.

சில துப்புகள் வந்தால் பிசியோ கையை எடுத்துவிட்டு மருத்துவரிடம் அனுப்பியாக வேண்டும். எந்த நிலையில் படுத்தாலும் அடங்காத இரவு வலி, காரணமில்லாத எடைக்குறைவு, மாலைக் காய்ச்சல், முன்பு புற்றுநோய் வந்த வரலாறு ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. காசநோய் நீங்காத நம் நாட்டில் அது முதுகெலும்பையும் தாக்கும் என்பதை மறக்கவே கூடாது. சிறுநீர் போவதில் திடீர்ச் சிக்கல் வந்தாலோ, சைக்கிள் இருக்கை படுகிற பகுதி மரத்துப்போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இன்னொரு துப்பு இளைஞர்களுக்கானது. காலையில் அரைமணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்திருக்கிறது, ஓய்வெடுத்தால் கூடுகிறது, நடமாடினால் குறைகிறது என்றால் அது முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சி நோயாக இருக்கலாம். ‘உட்கார்ந்த வேலை, சுளுக்கு’ என்று சொல்லியே பலருக்கு அதைக் கண்டுபிடிக்க வருடக்கணக்கில் தாமதமாகிறது.

காரணம் ஒரு பொருளாக இல்லாதபோது

இவ்வளவு தேடியும் ஒரு குற்றவாளி அகப்படாத வலியும் உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பதை நாள்பட்ட வலி என்கிறோம். அதற்குள் அடிபட்ட திசு பெரும்பாலும் ஆறியிருக்கும். பிறகும் ஏன் வலிக்கிறது? கிளிஃபோர்ட் வுல்ஃப் 1983-இல் காட்டியது இதற்கு வழி திறந்தது. தொடர்ந்து வலிச் சேதி வந்தால் தண்டுவட நரம்பணுக்களே மாறி, சின்னத் தொடுதலையும் பெரிய சேதியாக அனுப்பத் தொடங்குகின்றன. திருடன் போன பிறகும், காற்றில் இலை அசைந்தால்கூடக் குரைக்கும் வீட்டு நாய்போல. தூக்கமின்மையும் மனக்கவலையும் ‘குனிந்தால் முறிந்துவிடும்’ என்ற அச்சமும் அந்த நாயை இன்னும் உசுப்பிவிடும். வலி பொய் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. வலி உண்மை, அதை எழுப்புவது இப்போது நரம்பு மண்டலத்தின் மிகை விழிப்பு.

அதனால் நல்ல பிசியோ ‘எத்தனை மணிக்குத் தூங்குறீங்க?’ என்றும் கேட்பார். மறைந்த காரணத்தைத் தேடும் ஆர்வமே சில சமயம் நோயாளிக்குக் கேடாவதும் உண்டு. ‘எலும்பு விலகியிருக்கு’, ‘ஒரு கால் நீளம் கம்மி’, ‘கூன் போட்டதால வந்த வினை’ என்று உறுதியாகச் சொல்லப்படும் காரணங்களில் பல, வலியில்லாதவர்களிடமும் காணக் கிடைப்பவை. ஒருமுறை காதில் விழுந்த ‘விலகிடுச்சு’ என்ற சொல், முதுகை அசைக்கவே பயப்படும்படி ஒருவரைப் பல வருடம் கட்டிப்போட்டுவிடும்.

மெய்யான காரணத்தையும் ஊகத்தையும் பிரிக்க பிசியோவிடம் இருக்கும் உரைகல் எளிமையானது. ஒன்றை மட்டும் மாற்று, பிறகு அதே அசைவை மறுபடி செய்யச் சொல். மாறினால் சந்தேகம் வலுக்கும். மாறாவிட்டால் தன் ஊகத்தைக் கைவிடும் நேர்மை வேண்டும்.

அந்த அம்மாவிடம் திரும்புவோம். பிசியோ அவருடைய தொடையை இரு கைகளாலும் பற்றி, இடுப்பு மூட்டு சற்றே தளரும்படி நிதானமாக இழுத்துப் பிடிக்கிறார். ஒரு நிமிடம். விடுகிறார். மறுபடி பிடிக்கிறார். முட்டிமேல் கைகூட வைக்கவில்லை. இது குணமாக்கும் வைத்தியம் அல்ல, ஒரு கேள்வி. இடுப்புக்கு ஒரு படம், தொடைத் தசைகளுக்கு மூன்று மாதப் பயிற்சி, நடையில் சில மாற்றங்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான். முதலில் பதில் வேண்டும்.

“எழுந்திருங்கம்மா. அந்தப் படியில முன்ன ஏறின மாதிரியே இப்ப ஒருதடவை ஏறிப் பாருங்க.”