குதிரையா... காளையா? வேகத்தில் ஜெயித்த கார் எது?

மணிக்கு 280 கிலோ மீட்டர்! அம்மாடியோவ் என்கிறீர்களா? இந்த வேகத்துக்குப் பேர்போன கார்கள் இரண்டு. இரண்டுமே இத்தாலிக் கார்கள். ஒன்று லம்போர்கினி கம்பெனியின் "மியூரா". இன்னொன்று பெராரி கம்பெனியின் "டேடோனா". லம்போர்கினியின் முத்திரை காளை. பெராரியின் முத்திரை குதிரை.

கார் போட்டி என்பதைவிட, இரண்டு முதலாளிகளின் ரோஷம் என்பதே சரி.

டிராக்டர் அதிபர்

பெருசியோ லம்போர்கினி டிராக்டர் விற்றுப் பணக்காரர் ஆனவர். பெராரி கார் வைத்திருந்தார். கிளட்ச் அடிக்கடி மக்கர் பண்ணியது. முதலாளி என்ஸோ பெராரியிடமே நேரில் போய்ச் சொன்னாராம். "டிராக்டர்காரனுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்?" என்கிற தோரணையில் பதில் வந்ததாம். கதை நிஜமோ, ஜோடனையோ, 1963-ல் அவர் சொந்தக் கார் கம்பெனி தொடங்கியது நிஜம்.

1966-ல் ஜெனீவா கண்காட்சியில் வந்து இறங்கியது மியூரா. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். 12 சிலிண்டர் என்ஜின், டிரைவரின் முதுகுக்குப் பின்னால், அதுவும் குறுக்குவாட்டில்! முப்பது வயதுகூட ஆகாத என்ஜினீயர்கள் டல்லாராவும் ஸ்டான்ஸானியும் செய்த வேலை அது.

என்ஸோ அசரவில்லை. ரோட்டில் ஓடும் தன் பெரிய கார்களுக்கு என்ஜின் முன்னால்தான் என்று இருந்தார். 1968-ல் பாரீஸ் கண்காட்சியில் டேடோனாவைக் காட்டினார். அதற்கும் 12 சிலிண்டர். என்ஜின் பானெட்டுக்கு அடியில். கியர் பாக்ஸ் மட்டும் பின்னால். எடை சமமாக இருக்கத்தான்.

2 குதிரை வித்தியாசம்

முதல் மியூராவுக்கு 350 குதிரை சக்தி. டேடோனாவுக்கு 352! நின்ற இடத்திலிருந்து 100 கிலோ மீட்டர் வேகம் பிடிக்க இரண்டுக்கும் ஏறத்தாழ 6 வினாடி. அப்படியானால் சரிசமமா?

அங்கேதான் சங்கதி இருக்கிறது. மியூராவின் பெட்ரோல் டாங்க் முன்பக்கம். பெட்ரோல் தீரத் தீர மூக்கு லேசாகிவிடும். 200-ஐத் தாண்டி மிதித்தால் முன் சக்கரம் தரையைச் சரியாகப் பிடிக்காது. ஸ்டியரிங் பிடித்தவர் பாடு திண்டாட்டம்! காதருகே என்ஜின் சத்தம், முதுகில் சூடு வேறே.

டேடோனாவில் மெதுவாகப் போகும்போதுதான் தொல்லை. ஸ்டியரிங்கைத் திருப்பக் கை வலிக்கும். வேகம் ஏறிவிட்டாலோ தண்டவாளத்தில் போகிற மாதிரி ஓடும்.

1971-ல் அமெரிக்காவில் ஒரு திருட்டுப் பந்தயம். நியூயார்க்கிலிருந்து கலிபோர்னியா கடற்கரை வரை, சுமார் 4,600 கிலோ மீட்டர், போலீசுக்குத் தெரியாமல்! டான் கர்னியும் பிராக் யேட்சும் டேடோனாவில் 35 மணி 54 நிமிடத்தில் போய்ச் சேர்ந்து ஜெயித்தார்கள். லெ மான் 24 மணி நேரப் பந்தயத்திலும் 1972, 73, 74 மூன்று வருஷமும் தன் பிரிவில் டேடோனாதான் முதல். மியூராவைப் பந்தயத்துக்கு அனுப்ப லம்போர்கினி சம்மதிக்கவே இல்லை.

ஆக, ஓட்டத்தில் குதிரைக்கே என் ஓட்டு.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். 1973-ல் டேடோனாவுக்கு வாரிசாகப் பெராரி விற்பனைக்கு விட்ட காரில் என்ஜின் எங்கே இருந்தது தெரியுமா? டிரைவரின் முதுகுக்குப் பின்னால்!

அதைப் பார்த்துச் சிரிக்க லம்போர்கினிக்குத்தான் நேரமில்லை. கம்பெனியைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுவிட்டு, திராட்சைத் தோட்டம் போட்டு ஒயின் தயாரிக்கப் போய்விட்டார் மனுஷன்.