காஞ்சியில் பாய்ந்த சொல்லம்பு

ஏசத் தெரிந்தவரெல்லாம் பேசத் தெரிந்தவரா? மேடை ஏறும் தோழர்கள் இதை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

பழிப்பதற்கும் இலக்கணம் கண்ட மொழி நம் தமிழ்! அங்கதம் இருவகை என்றார் தொல்காப்பியர். வெளிப்படையாகப் பழித்தால் செம்பொருள் அங்கதம். மறைத்துப் பழித்தால் பழிகரப்பு அங்கதம். நகைச்சுவை பிறக்கும் இடம் நான்கு என எண்ணியவர், முதலில் வைத்தது எள்ளலைத்தான்!

ஏட்டோடு நின்ற இலக்கணமா இது? இல்லை. ஏனாத்தூர்த் தோழர்களே, உங்கள் பக்கத்து ஊராம் காஞ்சியைக் கேளுங்கள்!

அங்கே தொண்டைமான் கொடி பறந்த காலம். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராக வந்தார் ஔவையார். வாளில்லை, வேலில்லை, உடன் படையில்லை. வந்தவரை மிரட்ட எண்ணிய மன்னன், தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான்.

கண்டார் ஔவை, புகழ்ந்தார்! மன்னன் கருவிகளுக்கு மயிற்பீலியாம், மாலையாம், நெய்ப்பூச்சாம், காவலுள்ள மாளிகையாம். அதியன் கருவிகளோ பகைவரைக் குத்திக் குத்தி முனை முறிந்து, கொல்லன் பட்டறையிலே கிடக்கின்றனவாம்!

பட்டறையில் உழைக்கும் தோழருக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? தேய்ந்த கருவி, உழைத்த கருவி. மின்னும் கருவி, தொடாத கருவி! உன் வேல் போரே கண்டதில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் மன்னன் சீறியிருப்பான். புகழ்ந்தவரை எப்படிச் சீறுவான்? குத்து எங்கே என்று அவனே தேடிக் காண வேண்டும். தானே கண்டதைத் தானே மறுக்க முடியுமா? இதற்குப் பெயர்தான் வஞ்சப்புகழ்ச்சி.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஔவை பொய்யொன்றும் புனையவில்லை. கண்ணெதிரே கண்டதைத்தான் சொன்னார். எளியவனையும் எள்ளவில்லை, அரியணையில் இருந்தவனைத்தான் எள்ளினார். உண்மையில் ஊன்றி நிற்க வேண்டும். உயரத்தில் இருப்பவரை நோக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அது அங்கதமன்று, அற்பத்தனம்! நொண்டியையும் ஏழையையும் கேலி செய்து வாங்கும் கைதட்டு நமக்கு வேண்டாம்.

ஓலையில் வாழ்ந்த அந்தப் பாட்டு, 1894இல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது அச்சேறியது. 95ஆம் பாட்டு அது. தொண்டைமானின் நெய் பூசிய வேல்கள் எங்கே? துருவும் மிஞ்சவில்லை. ஔவையின் சொல்லோ இன்றும் கூர் மழுங்கவில்லை!

வசவு கூட்டம் கலையும்வரை. அங்கதம் தமிழ் உள்ளவரை!