ஒரு டம்ளர் காப்பியும் கேட்க மறந்த கேள்வியும்

கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், படுக்கையில் இருந்த மூதாட்டி ஒருவரை அவரது இல்லத்திலேயே பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். வண்டியை மேட்டின் மேல் நிறுத்தியிருந்தேன். கையில் குடை இல்லை. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. அப்போது ஒரு வீட்டு வாசலிலிருந்து, "டாக்டர், நனையாதீங்க, உள்ளே வாங்க" என்று ஒரு குரல் அழைத்தது. என்னிடம் ஒன்றரை ஆண்டுகளாகச் சிகிச்சை பெற்றுவரும் ஒரு பெரியவரின் மனைவி அவர். அன்று அந்த வீட்டில் அருந்திய காப்பியைப் பற்றியே இக்கட்டுரையில் எழுதுகிறேன். அவ்விருவரும் இதற்கு இசைவு தந்துள்ளனர். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பெரியவருக்கு அப்போது 66 வயது. தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் டீ மேக்கராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். புகைபிடிக்கும் வழக்கம் என்றுமே இருந்ததில்லை. விடாத வறட்டு இருமல், மேடேறினால் மூச்சு வாங்குதல், காரணம் தெரியாத உடல் இளைப்பு ஆகியவற்றோடு முதலில் வந்தார். சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லை என்று தெளிவானது. என்ன தொழில் செய்தீர்கள் என்று கேட்டேன். தேயிலைத் தொழிற்சாலை என்றார். இலைத்தூசியில் அத்தனை ஆண்டுகள் நின்றவருக்கு மூச்சுக்குழல் பாதிக்கப்படுவதில் வியப்பில்லை என எனக்குள் முடிவு செய்துகொண்டு, இன்ஹேலர் எழுதிக் கொடுத்தேன்.

இருமுறை அவரை உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. இருமுறையும் நான்கைந்து நாட்களில் நன்றாகத் தேறினார். இருமுறையும் வீடு திரும்பிய மூன்று வாரங்களுக்குள் அதே இருமலோடு வந்து நின்றார். அவரது கோப்பில் நான் என்ன எழுதியிருந்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: "வீட்டில் மருந்தை ஒழுங்காக உட்கொள்வதில்லை." கேட்டு எழுதியதன்று; ஊகித்து எழுதியது.

நீலகிரியில் விருந்தினருக்குத் தேநீர்தானே தருவார்கள் என்று சமவெளி நண்பர்கள் எண்ணுவதுண்டு. தேயிலையோடே வாழ்ந்தவர்கள் வீட்டில் காப்பிக்குத் தனி மதிப்பு இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த அம்மாவும் டிகாக்ஷன் இறக்கி, நுரை ததும்ப ஆற்றிக் கொண்டுவந்து வைத்தார். மழை ஓயும் வரை எங்கும் போக இயலாது. மருத்துவமனை அறையில் ஒரு நோயாளிக்குப் பத்து நிமிடங்கள் கிடைத்தாலே அரிது. அன்று எனக்கு ஒரு மணி நேரம் கிடைத்தது. நோயைப் பற்றி யாரும் பேசவில்லை. அம்மா பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டர் பற்றிப் பேசினோம். பேரனுக்கு ஒவ்வோர் ஆண்டும் அளவு மாறுவதால் கழுத்துப் பகுதியை மட்டும் கடைசியில் முடிப்பதாகச் சொன்னார். கொல்லையில் போட்ட பீன்ஸ் கொடி, காட்டெருமை வந்து மிதித்துவிட்டுப் போன கதை, கோயம்புத்தூரில் இருக்கும் மகள் என்று பேச்சு தானாக நகர்ந்தது.

"மகள் வீட்டிலே போன மாசம் பத்து நாள் இருந்தோம். அங்கே இவருக்கு இருமலே இல்லை டாக்டர். குளிர் ஒத்துக்கலை போலிருக்கு" என்றார் அம்மா. நானும் தலையசைத்தேன். குளிர் என்பது இம்மலையில் எல்லா நோய்க்கும் பொருந்திவிடும் ஒரு விடை.

அப்போதுதான் வீட்டின் பின்புறத்திலிருந்து ஓயாத ஒரு கலகலப்பு என் காதில் விழுந்தது. முதலில் மழை ஓசையில் அதைக் கவனிக்கவில்லை. பெரியவர் முகம் மலர்ந்தது. "என் பிள்ளைகளைக் காட்டுகிறேன் வாங்க" என்று எழுந்தார். பின்கட்டில் ஒரு சிறு அறை. நாற்பதுக்கும் மேற்பட்ட லவ் பேர்ட்ஸ், ஆறேழு புறாக்கள். குளிர் தாங்காது என்று சன்னலைப் பாலிதீன் தாளால் அடைத்து, இரவு முழுவதும் எரியும்படி ஒரு குண்டு பல்பும் போட்டிருந்தார். விளக்கொளியில் இறகுத் தூசி மிதப்பதைக் கண்ணால் காண முடிந்தது. ஓய்வு பெற்ற மறு மாதத்திலிருந்து, நாள்தோறும் காலையில் ஒரு மணி நேரம், கூண்டுகளைத் துடைப்பமிட்டுச் சுத்தம் செய்பவர் அவரே.

கூடத்துக்குத் திரும்பினோம். காப்பி ஆறிப்போயிருந்தது. "இதை ஏன் நீங்கள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை?" என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். அவர் சற்றும் கோபமின்றிச் சொன்னார்: "நீங்க கேட்கவே இல்லையே டாக்டர்."

பறவைகளின் எச்சத்திலும் இறகுத் துகளிலும் உள்ள புரதங்களை நீண்ட காலம் சுவாசிப்பவர்களில் சிலருக்கு மட்டும் நுரையீரல் அவற்றை எதிரியாகக் கருதிப் போரிடத் தொடங்குகிறது. ஸ்கேன் அறிக்கையில் 'ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நியூமோனைட்டிஸ்' என்று காணப்படுவது இதுவே. மிகையுணர்வு நுரையீரல் அழற்சி எனத் தமிழில் சொல்லலாம். புறா வளர்ப்போரிடம் இந்நோய் காணப்படுவதை 1965இல் அமெரிக்க மருத்துவர்கள் விரிவாகப் பதிவு செய்தனர். இது தொற்றுநோய் அன்று. பறவையிடமிருந்து கிருமி எதுவும் வருவதில்லை. தொடக்கத்தில் மார்பு எக்ஸ்ரே பார்வைக்குச் சரியாகவே இருக்கலாம். இருமலும் மூச்சிரைப்பும் ஆஸ்துமாவைப் போலத் தோன்றி மருத்துவரை ஏமாற்றும். ஆனால் ஒரு தடயத்தை இந்நோய் விட்டுச் செல்லும்: காரணமான இடத்தை விட்டு விலகினால் குறையும், திரும்பினால் கூடும். மருத்துவமனையில் தேறியதும், கோவையில் இருமல் நின்றதும் என் மருந்தாலன்று. குளிர் இல்லாததாலும் அன்று. பறவைகள் இல்லாததால்.

இது பறவைகளோடு நிற்பதுமன்று. இந்தியாவின் 27 மையங்களில் நுரையீரல் இடைத்திசு நோயாளிகள் 1,084 பேரைத் தொகுத்து 2017இல் வெளியான பதிவேட்டில், ஏறத்தாழ பாதிப் பேருக்கு இருந்தது இந்த மிகையுணர்வு அழற்சியே. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வீட்டில் ஏர்கூலர் பயன்படுத்தியவர்கள். கூலரின் ஈரமான பட்டைகளில் பூசணம் வளர்வதே ஐயத்துக்குரிய காரணம். நம் மலையில் கூலர் தேவையில்லை. ஆனால் ஈரம் ஊறிய சுவர், காளான் வளர்ப்பு, பழைய இறகுத் தலையணை, மாட்டுக்கொட்டகையின் பூசணம் பிடித்த வைக்கோல் ஆகியவை இங்கும் உண்டு.

இத்தாலியின் மோதேனா நகரில் 1700ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் பெர்னார்டினோ ரமஸ்ஸினி என்னும் மருத்துவர், நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு "உமது தொழில் என்ன?" என்பதையும் சேர்த்துக்கொள்ளுமாறு வலியுறுத்தினார். மருத்துவக் கல்லூரியில் அதை எங்களுக்குக் கற்பிக்கிறார்கள்; நானும் தவறாமல் கேட்கிறேன். ஆனால் ஓய்வு பெற்றவரிடம், "இப்போது காலையில் எழுந்து என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்க எனக்கு ஒரு மழை தேவைப்பட்டது.

அன்றைய பேச்சில் இன்னொன்றும் வெளிப்பட்டது. புதிய காப்பி போட எழுந்த அம்மா, தாம் தைராய்டு மாத்திரையை மறக்காமல் இருக்க ஒரு வழி வைத்திருப்பதாகப் பெருமையோடு சொன்னார்: காலையில் முதல் காப்பியோடு அதையும் விழுங்கிவிடுவாராம். ஓராண்டில் மும்முறை அவரது மாத்திரையின் அளவைக் கூட்டியும் இரத்தப் பரிசோதனை சரியாகவில்லை. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில், தண்ணீருடன் மட்டுமே உட்கொள்ள வேண்டும். காப்பிக்கும் உணவுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. இரும்புச்சத்து மாத்திரையையும் தேநீர், காப்பியோடு சேர்க்கலாகாது. அவற்றிலுள்ள பொருள்கள் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். நாள் முழுதும் தேநீர் அருந்தும் தோட்டத் தொழிலாளப் பெண்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அந்த அம்மாவுக்கு மாத்திரையின் அளவை மீண்டும் கூட்ட வேண்டியிருக்கவில்லை. பின்னர் குறைக்கவே நேர்ந்தது.

பெரியவரின் கதை அவ்வளவு எளிதாக முடியவில்லை. சி.டி. ஸ்கேனும் மூச்சுத்திறன் சோதனையும் ஐயத்தை உறுதிப்படுத்தின. நுரையீரலின் ஒரு பகுதியில் தழும்பு விழுந்திருந்தது. அழற்சியை ஸ்டீராய்டு மாத்திரைகளால் தணிக்கலாம்; விழுந்துவிட்ட தழும்பு மறையாது. ஒன்றரை ஆண்டுகளுக்கு முன்பே நான் கேட்டிருந்தால் அது எந்த அளவில் நின்றிருக்கும் என்னும் எண்ணம் இன்றும் என்னை விட்டு அகலவில்லை. பறவைகளை அகற்ற வேண்டும் என்று சொன்னபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்புறம் காலையிலே எதுக்கு எழுந்திருக்கணும் டாக்டர்?"

அக்கேள்விக்கு மருந்துச் சீட்டில் விடை எழுத இயலாது. ஒருவரது பொழுதுபோக்கை நிறுத்தச் சொல்லும் நாங்கள், அந்தக் காலை நேரத்தில் எஞ்சும் வெறுமையைப் பற்றிப் பெரும்பாலும் யோசிப்பதில்லை. குடும்பத்தினரும் "உயிரைவிடப் பறவை பெரிதா?" என்று கடிந்துகொள்வதோடு விட்டுவிடுகின்றனர். அந்த அம்மா அப்படிச் சொல்லவில்லை. மேட்டுப்பாளையத்தில் பறவை வளர்க்கும் உறவினர் ஒருவரிடம் அவற்றை ஒப்படைக்க ஏற்பாடு செய்தார்; அவர்கள் பறவைகளை எடுத்துச் சென்ற நாளில் கணவரை மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அறையை அவருடைய சகோதரி மகன் முகக்கவசம் அணிந்து, துடைப்பமிடாமல் ஈரத் துணியால் பலமுறை துடைத்தெடுத்தார். இது தேவையான முயற்சியே. பறவைகள் போன பின்னும் அவற்றின் துகள் மாதக்கணக்கில் வீட்டில் தங்கியிருக்கும்.

அடுத்த வருகையின்போது, நம் ஊரில் வாழ்ந்த மார்கரெட் காக்பர்ன் என்னும் பெண்மணியைப் பற்றிப் பெரியவரிடம் சொன்னேன். 1829இல் பிறந்தவர். அவருடைய தந்தை எம்.டி. காக்பர்ன் சேலத்தில் ஆட்சியராக இருந்து, இம்மலையில் காப்பி பயிரிட்ட முன்னோடிகளுள் ஒருவர். மகளோ 1863இல் கோத்தகிரியில் ஆல்போர்ட்ஸ் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியவர். தோட்ட வேலைக்கு நடுவே சுற்றுவட்டாரப் பறவைகளையும் செடிகொடிகளையும் ஓவியமாகத் தீட்டினார். அவ்வோவியங்கள் இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. இந்தியப் பறவைகளின் கூடுகளையும் முட்டைகளையும் பற்றி ஏ.ஓ. ஹியூம் எழுதிய நூலில், கோத்தகிரியிலிருந்து இவர் அனுப்பிய குறிப்புகள் இடம்பெற்றுள்ளன. 1928 வரை வாழ்ந்தார். கூண்டுக்கு வெளியே உள்ள பறவைகளோடும் ஒருவர் வாழ்நாளைக் கழிக்கலாம் என்பதற்காகவே இதைச் சொன்னேன். பெரியவர் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டார் என்றே அப்போது நினைத்தேன்.

இதைப் படித்துவிட்டு எவரும் தம் வீட்டுக் கிளியையோ கோழியையோ உடனே துரத்திவிட வேண்டாம். பறவை வளர்ப்போர் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதில்லை. இரு வாரங்களைக் கடந்த எந்த இருமலுக்கும் முதலில் காசநோய்ப் பரிசோதனையே தேவை. அரசு மருத்துவமனையில் அது இலவசம். நான் வேண்டுவது வேறு. மருத்துவர் கேட்காவிட்டாலும் உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள். என்ன வளர்க்கிறீர்கள், எதில் சமைக்கிறீர்கள், மாத்திரையை எதனோடு விழுங்குகிறீர்கள், ஊருக்குப் போனால் உடல்நிலை மாறுகிறதா என்பதெல்லாம் எங்களுக்குத் தேவை. நோயாளி மறைப்பதையோ மறப்பதையோ உடனிருப்பவர் சொன்னால் அது கோள் சொல்வதாகாது. குளிர்காலத்தில் கதவு சன்னலை அடைத்துக்கொண்டு உள்ளே கரி நெருப்பு வைத்துக் குளிர்காயும் வழக்கம் உள்ளவர்களுக்கும் ஒரு சொல்: எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காலையில் தலைவலி, குமட்டல் இருந்தால் அதைச் சளி என்று எண்ணாதீர்கள். மணமற்ற நச்சுவாயு அதற்குக் காரணமாகலாம். தூக்கத்திலேயே அது உயிரைப் பறித்துவிடும். கரி நெருப்பை மூடிய அறைக்குள் வைக்கவே கூடாது.

பெரியவருக்கு இப்போது மருந்து குறைந்துள்ளது. மேடேறும்போது இரண்டு இடங்களில் நின்றுதான் ஏறுகிறார். அது அப்படியே இருக்கும். காலையில் லாங்வுட் சோலையின் ஓரம் வரை மெல்ல நடந்துவிட்டு வருகிறார். 2024 சனவரியில் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த, 116 எக்டேர் பரப்புள்ள நம் ஊர்ச் சோலைதான் அது. ஒவ்வொரு வருகையின்போதும் ஒரு நீள நோட்டுப் புத்தகத்தை என் மேசைமேல் வைக்கிறார். தேதி, நேரம், பறவை, மூச்சு என்று நான்கு பத்திகள் கோடிட்டிருக்கிறார். செம்மீசைச் சின்னான், நீலகிரிச் சிரிப்பான் என வரிசையாக எழுதி, கடைசிப் பத்தியில் எங்கே நின்றார், எத்தனை முறை நின்றார் என்று குறித்திருக்கிறார். என் கோப்பிலுள்ள குறிப்புகளைவிட அவை துல்லியமானவை. சென்ற வாரப் பக்கத்தில் ஒரு நாளுக்கு மட்டும் பறவையின் பெயர் இல்லை. "மழை. எங்கும் போகவில்லை. காப்பி இரண்டு" என்று எழுதியிருந்தார்.