ஆலை கைமாறியது, ஊர் தப்பியது

பர்மிங்ஹாம் நகரின் நியூ ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் ரயிலேறினால் கால் மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது அந்த ஊர். ஸ்டேஷனே ஊதா நிறம். பெயரை நீங்கள் சாக்லேட் உறையில் படித்திருப்பீர்கள்: போர்ன்வில். 1911இல் பர்மிங்ஹாமுடன் இணைக்கப்பட்டுவிட்டாலும் இங்கே வசிப்பவர்களுக்கு இது இன்னமும் கிராமம்தான். நடுவே புல்வெளி, ஓரத்தில் கடைகள், பள்ளிக் கோபுரத்தில் 48 மணிகள் கொண்ட இசைக்கருவி. எல்லா ஆங்கிலக் கிராமத்திலும் இருக்கும் ஒன்றுதான் இல்லை. பப்.

காரணம், கேட்பரி சகோதரர்கள். மதுவை வெறுத்த குவேக்கர் கிறிஸ்தவர்களான ரிச்சர்டும் ஜார்ஜும் 1879இல் புகை மண்டிய நகரத்திலிருந்து ஆலையை வயல்வெளிக்கு மாற்றினார்கள். பக்கத்தில் 120 ஏக்கர் வாங்கி, 1895இல் வீடு கட்டத் தொடங்கினார் ஜார்ஜ். மனையில் கால் பங்குக்கு மேல் வீடு கூடாது, மீதி தோட்டம். காய்கறிப் பாத்தி, பழமரங்கள் (முருங்கை அல்ல, ஆப்பிள்). ஆலைத் தொழிலாளிகளுக்கு மட்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

ஜார்ஜின் உண்மையான சாமர்த்தியம் 1900இல் வெளிப்பட்டது. 313 வீடுகள் எழும்பியிருந்த நிலையில், மொத்த ஊரையும் தனி அறக்கட்டளை ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டார். கம்பெனிக்கும் ஊருக்கும் சட்டப்படி சம்பந்தமில்லை. இதன் அருமை 110 ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது. 2010இல் அமெரிக்காவின் கிராஃப்ட் நிறுவனம் கேட்பரியை விழுங்கியது. பிரிஸ்டல் அருகே இருந்த ஆலையை மூடமாட்டோம் என்று வாங்கும்முன் சொன்ன கிராஃப்ட், வாங்கிய சில நாட்களிலேயே பேச்சை மாற்றியது. போர்ன்வில் தொழிலாளிகள் வயிற்றில் புளி கரைந்தது. ஆலை பிழைத்தது; இன்று அது மாண்டலீஸ் கையில். ஆனால் ஊர் அந்த விற்பனையில் சேரவே இல்லை. சுமார் 1,000 ஏக்கர், ஏறக்குறைய 7,800 வீடுகள் என்று வளர்ந்து இன்னமும் அறக்கட்டளையின் பார்வையில் இருக்கிறது.

அந்தப் பார்வை சற்றுக் கறாரானது. நிலத்தோடு வீட்டைச் சொந்தமாக வாங்கும் உரிமையைக் குத்தகைதாரர்களுக்கு 1967ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்தது. ஆனால் வாங்கியவரும் ஜன்னலை மாற்ற, முகப்பை இடிக்க, முன் தோட்டத்தைக் கார் நிறுத்தும் இடமாக்க அனுமதி கேட்டாக வேண்டும். 'என் வீட்டு ஜன்னலுக்கு இவர்கள் யார்?' என்று எரிச்சல்படுவது இயல்பு. ஆனால் அடுத்த வீட்டுக்காரரும் அதே விதிக்குக் கட்டுப்படுவதால்தான் தெரு அழகாக இருக்கிறது; அந்த அழகுக்காகத்தான் வீட்டு விலையும் ஏறுகிறது. தொழிலாளிகளுக்கென்று கனவு கண்ட ஊரில் சாதாரணத் தொழிலாளி வீடு வாங்குவது இன்று எளிதல்ல.

மது விரதமும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. 2015இல் ஒரு பத்திரிகைக் கடைக்கு மது விற்க உரிமம் கிடைத்தது. எதிர்ப்பு பலமாகவே இருந்தது. பப் மட்டும் இன்னும் வரவில்லை.

அறக்கட்டளையின் கை எட்டாத விஷயங்களும் உண்டு. 2023இல் பர்மிங்ஹாம் கவுன்சில் கையை விரித்தது: கஜானா காலி. 2025 மார்ச்சில் துப்புரவுத் தொழிலாளர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வேலிச் செடி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல இந்த ஊரில் ஆள் உண்டு. குப்பைத் தொட்டியைக் காலி செய்ய வேண்டியது என்னவோ கவுன்சில்தான்.