மூன்று டன் லாரியை உதறும் 'மரண ஆட்டம்' தெரியுமா?

அமெரிக்க நெடுஞ்சாலை. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில், ஏறக்குறைய மூன்று டன் எடையுள்ள பிக்கப் டிரக். பாலத்து இணைப்பில் முன்சக்கரம் 'டொக்'கென்று ஒரு தட்டு தட்டுகிறது. அவ்வளவுதான்! சக்கரம் இரண்டும் இடமும் வலமுமாகப் பேய் பிடித்தாற்போல் உதற, ஸ்டீயரிங் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கிறது. வேகத்தை நிதானமாகக் குறைத்தால்தான் அடங்கும். அங்குள்ள ஓட்டுநர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'டெத் வொபிள்'. மரண ஆட்டமேதான்!

சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியை வேகமாகத் தள்ளினால் முன்சக்கரம் ஒன்று படபடவென்று அடித்துக்கொள்ளுமே, அதுவும் இந்த ஆட்டத்தின் தம்பிதான். அட, விமானத்தையும் இது விடுவதில்லை! செஸ்னா 172 என்ற குட்டி விமானத்தின் மூக்குச் சக்கரத்தில் இதை அடக்குவதற்கென்றே ஒரு டேம்பர் இருக்கிறது, தெரியுமா?

ஃபோர்டு எஃப்-250 மாதிரி ஃபோர் வீல் டிரைவ் டிரக்குகளுக்கு ஏன் இந்தத் தொல்லை? முன்சக்கரம் இரண்டும் ஒரே முரட்டு ஆக்ஸிலில் கோர்த்திருக்கின்றன. ஒன்றுக்கு விழும் அடி மற்றதற்கும் போகும். கல்லிலும் பாறையிலும் ஏறுவதற்காக 37 அங்குல டயர் வேறு மாட்டுகிறார்கள். ரிம்மோடு சேர்த்தால் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 50 கிலோ! ஆடத் தொடங்கினால் சும்மா நிற்குமா?

இதைப் பிடித்து நிறுத்தும் வீரன் யார் தெரியுமா? படுக்கவைத்த ஒரு ஷாக் அப்சார்பர்! 'ஸ்டீயரிங் ஸ்டெபிலைசர்' அல்லது 'ஸ்டீயரிங் டேம்பர்' என்பார்கள். ஒரு முனை வண்டியின் சட்டத்திலோ ஆக்ஸிலிலோ, மறு முனை ஸ்டீயரிங் கம்பியில். உள்ளே எண்ணெய், பிஸ்டன், பொடித் துளைகள். ஊசி போடும் சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி மெதுவாக அழுத்துங்கள், சுலபமாக வரும். வேகமாக அழுத்துங்கள், கட்டைவிரல் வலிக்கும். இங்கேயும் அதே கதை: நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது டேம்பர் வழிவிடும், பாறை வெடுக்கென்று திருப்பினால் முறைத்துக்கொண்டு நிற்கும். வாங்கிய உதறலை எல்லாம் வெறும் சூடாக மாற்றிவிடும்!

மாட்டுவது ராக்கெட் வித்தையா என்றால், இரண்டு மூன்று நட்டு போல்ட்தான். பல வண்டிகளில் பழைய டேம்பரின் ஒரு முனை ஆப்பு வடிவத் தண்டாக ஓட்டைக்குள் இறுகிக் கிடக்கும். இழுத்தால் வராது. நட்டை முழுக்கக் கழற்றாமல் சில மரை மட்டும் தளர்த்தி, தண்டின்மேல் அல்ல, அதைக் கவ்வியிருக்கும் இரும்பு வளையத்தின் பக்கவாட்டில் சுத்தியலால் 'ணங்' என்று போடவேண்டும். வளையம் ஒரு கணம் நெளிந்துகொடுக்க, தண்டு தானாக விடுபடும்! மாட்டும்போது பளபளக்கும் பிஸ்டன் கம்பியைக் குறட்டால் பிடித்தீர்களோ, போச்சு; கீறல் எண்ணெய் சீலை அறுத்துவிடும். சக்கரம் நேராக இருக்கையில் பிஸ்டன் நடுவில் நிற்கவேண்டும். கடைசியில் இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். ஸ்டீயரிங் தன் எல்லைக்குப் போகுமுன் டேம்பர் முட்டினால் வேலை தப்பு.

நைட்ரஜன் அடைத்த டேம்பர் தானாகவே நீளும், தெரியுமா? பிஸ்டனின் ஒரு பக்கத்தில் கம்பி இடத்தை அடைத்துக்கொள்வதால் மறுபக்கத்து அழுத்தம் ஜெயித்துவிடுகிறது. அதனால்தான் சிலவற்றை வார் போட்டு அமுக்கிக் கட்டி விற்கிறார்கள். இப்படி ஒன்றை மட்டும் மாட்டினால் வண்டி லேசாக ஒரு பக்கம் இழுக்கலாம். எதிரெதிராக இரண்டு மாட்டுவது ஒரு தீர்வு. ஃபாக்ஸ் நிறுவனம் தன் ஏ.டி.எஸ். மாடலில் கம்பியை இரு பக்கமும் ஊடுருவ விட்டே கணக்கைச் சமன் செய்துவிட்டது. இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க 24 படிகள் வேறு!

2019-ல் ஃபோர்டு நிறுவனமே 2017 முதல் 2019 வரையிலான எஃப்-250, எஃப்-350 டிரக்குகளுக்கு டேம்பர் மாற்றித்தர முன்வந்தது. அதே ஆண்டு ஜீப் ராங்ளருக்கும் புது டேம்பர் வந்தது. குளிரில் பழையதன் எண்ணெய்க்குள் குமிழி கட்டியதாம்!

இத்தனை புகழ்ந்த பிறகு சொல்கிறேன்: டேம்பர் மருந்தல்ல, வலிமாத்திரை. வியாதி பெரும்பாலும் தேய்ந்த டிராக் பார் புஷ்ஷிலோ, தளர்ந்த பால் ஜாயிண்டிலோ, பேலன்ஸ் கெட்ட டயரிலோ ஒளிந்திருக்கும். எனவே கடைக்கு ஓடாதீர்கள். சக்கரங்கள் தரையில் இருக்க, ஹேண்ட் பிரேக் போட்டு, ஒருவரை ஸ்டீயரிங்கை இங்கும் அங்கும் ஆட்டச் சொல்லிவிட்டு நீங்கள் கீழே குனிந்து பாருங்கள். எந்த மூட்டில் தளர்வு தெரிகிறதோ அதை முதலில் மாற்றுங்கள். அதுவரை டேம்பர் பெட்டிக்குள்ளேயே கிடக்கட்டும்.