வெளிநாட்டு அரசு வேலையில் இருப்பவருக்கு இன்சூரன்ஸ் உண்டா? குடும்பங்கள் அறிய வேண்டியவை



"மகன் சவூதியில் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். அவனுக்கு இன்சூரன்ஸ் உண்டா ஹஜ்ரத்?" கொரோனா காலம் தொட்டு தட்டாஞ்சாவடியில் நம்மிடம் கேட்கப்படும் கேள்வி இது. அவர் யாரிடம் வேலை பார்க்கிறார் என்பதைப் பொறுத்தே பதில் அமையும்.

சவூதியில் தனியார் ஊழியருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துக் கொடுப்பது முதலாளியின் சட்டக் கடமை. அரசு ஊழியரோ அரசு மருத்துவமனைகளிலேயே சிகிச்சை பெறுபவர். அவரிடம் காப்பீட்டு அட்டை இல்லையென்றால், பாதுகாப்பே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம்.

2020 மார்ச் 30 அன்று, கொரோனா நோயாளிகள் அனைவருக்கும் இலவச சிகிச்சை என்று மன்னர் சல்மான் உத்தரவிட்டார். இகாமா காலாவதியானவர்களும் இதில் அடங்குவர். அதே ஆண்டு அக்டோபரில் சவூதி அமைச்சரவை இன்னொரு முடிவெடுத்தது. கொரோனாவால் இறந்த மருத்துவத் துறை ஊழியரின் குடும்பத்துக்கு 5 லட்சம் ரியால், அதாவது ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய். அரசு, தனியார் என்றோ, குடிமகன், வெளிநாட்டவர் என்றோ வேறுபாடு கிடையாது. முதல் தொற்று பதிவான 2020 மார்ச் 2 முதலே இது பொருந்தும் என்றும் அறிவிக்கப்பட்டது.

இதை நம் நாட்டுத் திட்டங்களோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மத்திய அரசு அறிவித்த 50 லட்சம் ரூபாய் காப்பீடு, இந்தியாவுக்குள் கொரோனா பணியாற்றிய சுகாதார ஊழியர்களுக்கானது. ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் வேலைக்குச் செல்வோருக்குக் கட்டாயமான 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' வேறு. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய் பிரீமியம். அதில் கிடைக்கும் 10 லட்சம், விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். நோயால் இறந்தால் அந்தத் தொகை வராது. ஆனால் நோய்க்கான மருத்துவமனைச் செலவுக்கு 1 லட்சம் வரை கோரலாம்.

ஆகவே மரணச் சான்றில் என்ன காரணம் எழுதப்பட்டிருக்கிறது என்பதே பல நேரம் குடும்பத்தின் உரிமையைத் தீர்மானிக்கிறது. துக்கத்தில் அதைப் படிக்காமல் விட்டுவிடக் கூடாது.

வந்த பணம் யாருக்கு? இதில்தான் தாய்க்கும் மனைவிக்கும் மனத்தாங்கல் வருகிறது. சம்பள பாக்கியும் பணிக்கொடையும் மய்யித்தின் சொத்து. கடனும் வஸிய்யத்தும் நிறைவேற்றியபின் வாரிசுரிமைச் சட்டப்படி பங்கிட வேண்டும். அரசு தானாக அளிக்கும் உதவித்தொகையோ, அது யாருக்கென்று குறிப்பிடுகிறதோ அவருக்குரியது என்பது உலமாக்கள் பலரின் தீர்ப்பு. காகிதங்களைக் காட்டி ஆலிம்களிடம் கேட்டபிறகே பணத்தில் கை வையுங்கள்.

பிரெஞ்சு அரசுக்கு உழைத்தவர்களின் பென்ஷன் புதுச்சேரி வீடுகளுக்கு இன்றும் வருகிறது. ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று கொடுத்து, காகிதங்களை ஒழுங்காக வைத்திருப்பதால்தான் அது தடையின்றி வருகிறது. வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய நாமும் அப்படி இருக்க வேண்டும். வேலை ஒப்பந்தம், இகாமா, பாலிசி எண், நாமினி பெயர், உடன் பணிபுரிபவரின் தொலைபேசி எண் ஆகியவற்றின் நகல் இன்றே வீட்டில் இருக்கட்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனமே (2:282) திருக்குர்ஆனில் மிக நீண்டது. எழுதி வைப்பது தவக்குலுக்கு மாற்றமானதல்ல.

வெளிநாட்டில் உழைக்கும் நம் பிள்ளைகளை அல்லாஹ் ஆரோக்கியத்தோடு வைத்திருப்பானாக. ஆமீன்.