கூரையில் வெயில், வீட்டில் ஏன் கரண்ட் இல்லை?

எங்கள் வீட்டுக் கூரையில் சோலார் பெனல்கள் பூட்டிய நாள் முதல் வருபவர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்கிறார்கள்: "இனி கரண்ட் போனாலும் உங்களுக்குக் கவலை இல்லைதானே?" உண்மை அப்படியல்ல. பக்கத்து வீட்டில் மின்விசிறி நிற்கும்போது எங்கள் வீட்டிலும் நிற்கிறது, அதுவும் உச்சி வெயிலில். இதைப் பலர் குறை என்று எண்ணுகிறார்கள். ஆனால் இது ஓர் உயிரைக் காப்பதற்கான ஏற்பாடு.

இலங்கையில் கூரை மின்சாரத்தைப் பொது மின்கம்பியுடன் இணைக்கும் முறை 2010 இல் தொடங்கியது. 2016 இல் அறிமுகமான 'சூரிய பல சங்கிராமய' திட்டத்தின் பின்னர் அது பல வீடுகளுக்கும் பரவியது.

இணைப்பு நடைபெறும் விதம் இதுதான். பெனல்கள் தருவது நேரோட்டம். வீட்டுக்குத் தேவையானதோ 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்டம். இந்த மாற்றத்தைச் செய்வது இன்வேர்ட்டர். அது முதலில் பொதுக் கம்பியில் வரும் மின்னலையைக் கவனிக்கும். பிறகு அதே வேகத்தில், அதே நேரத்தில் ஏறி இறங்கும் அலையை உருவாக்கி அதனுடன் சேர்ந்துகொள்ளும். வீட்டுத் தேவை போக எஞ்சும் மின்சாரம் வெளியே செல்லும். அதனால்தான் பழைய மீற்றரைக் கழற்றிவிட்டு, போவதையும் வருவதையும் தனித்தனியே பதியும் மீற்றரைப் பூட்டுகிறார்கள்.

ஆக, எங்கள் வீடு இப்போது ஒரு குட்டி மின்நிலையம். ஆபத்தும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

எனது சாச்சா மின்கம்பங்களில் வேலை செய்பவர். லைனை நிறுத்திவிட்டுத்தான் அவர் கம்பத்தில் ஏறுவார். அந்த நேரத்தில் எங்கள் கூரையிலிருந்து மின்சாரம் வெளியே பாய்ந்தால் என்னவாகும்? தெருமுனையில் உள்ள நிலைமாற்றி 11,000 அல்லது 33,000 வோல்ற்றை வீடுகளுக்கு ஏற்றவாறு குறைத்துத் தருகிறது. மறுபக்கமிருந்து மின்சாரம் நுழைந்தால் அதே நிலைமாற்றி அதைப் பல்லாயிரம் வோல்ற்றாக உயர்த்திவிடும். "லைனைச் சோதித்து, எர்த் கட்டாமல் கை வைக்கமாட்டோம். ஆனாலும் வீடுகளிலிருந்து கரண்ட் வராது என்ற நம்பிக்கையும் வேணும் மகள்" என்று சாச்சா சொல்வார்.

இந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவதும் இன்வேர்ட்டர்தான். பொதுக் கம்பியில் அலை இல்லையென்று கண்டதும் ஓரிரு விநாடிகளுக்குள் அது தானாக நின்றுவிடும். கரண்ட் திரும்பிய பிறகும் சில நிமிடங்கள் பொறுத்திருந்து, எல்லாம் சீராக உள்ளதென்று உறுதியான பின்பே மீண்டும் இணையும்.

மின்வெட்டிலும் வெளிச்சம் வேண்டுமென்றால் பற்றரியும் அதற்கேற்ற இன்வேர்ட்டரும் தேவை. அந்த இன்வேர்ட்டர் முதலில் வீட்டைப் பொதுக் கம்பியிலிருந்து பிரித்துவிடும். அதன் பிறகே தெரிவுசெய்த சில விளக்குகளுக்கும் விசிறிகளுக்கும் மின்சாரம் தரும். இதற்குச் செலவு அதிகம்.

ஜெனரேட்டருக்கும் இதே விதிதான். 2022 இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தை நாம் மறக்கவில்லை. அப்படியான நேரங்களில் ஜெனரேட்டர் வயரைச் சுவர்ப் பிளக்கில் செருகி முழு வீட்டுக்கும் கரண்ட் எடுப்பது பெரும் ஆபத்து. அந்த மின்சாரம் மீற்றரைக் கடந்து தெருவுக்கும் போகும். இரண்டு மூலங்களும் ஒருபோதும் ஒன்றுசேராதபடி தடுக்கும் மாற்று ஆளியைத் தகுதியுள்ள மின்னியலாளரைக் கொண்டு பூட்டுவதே சரியான வழி.

சோலார் பூட்ட எண்ணும் பெற்றோர்கள் விலையோடு மேலும் மூன்று விடயங்களைக் கேட்டறிவது நல்லது. மின் விநியோக நிறுவனத்தின் அனுமதியும் பரிசோதனையும் முடிந்த பிறகுதான் இணைப்பார்களா? பெனல் பக்கமும் வீட்டுப் பக்கமும் தனித்தனியே நிறுத்தும் ஆளிகள் எங்கே இருக்கும்? மெயின் சுவிட்சை நிறுத்தினால் இன்வேர்ட்டரும் நிற்கிறதா என்பதை உங்கள் முன்னிலையில் செய்து காட்டுவார்களா?

மூன்றாவது சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். கம்பத்தில் ஏறுபவருக்கும் வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகள் உண்டு.